வாப்பா, எப்ப போறீங்க?

இந்தப் பத்தியில் வழமையாக நாம் பேசிக்கொள்வது விலைவாசி, வட்டி, வரி, டொலர் பற்றித்தான். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகியது முதல் அடிக்கடி மாறும் வங்கி வட்டி வரை, எமது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகள் ஏராளம். இவற்றையெல்லாம் கவனிக்காமல் வியாபாரம் செய்ய முடியாது என்பதும் உண்மையே. ஆனால் இம்முறை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு செலவைப் பற்றி எழுத விரும்புகின்றேன். அந்தச் செலவை நானும் பல வருடங்கள் எழுதாமலே விட்டவன். ஆகவே இது யாருக்கும் செய்யும் உபதேசம் அல்ல. ஒரு வியாபாரி தனது நட்டத்தைச் சக வியாபாரிகளிடம் ஒளிக்காமல் சொல்வது போன்றதே.

ஊர் ஓரிடம், கடை ஓரிடம்

எமது சமூகத்தின் வியாபார வரலாற்றில் பெரும் பகுதி, ஊரை விட்டுப் போய்க் கடை போட்ட வரலாறாகும். காத்தான்குடி, அக்குறணை, மாவனல்லை, பேருவளை என்று எந்த ஊரை எடுத்தாலும், அவ்வூர் ஆண்களில் கணிசமானோர் வேறு ஏதோ ஒரு நகரத்தின் பிரதான வீதியில் பிடவைக் கடையோ இரும்புக் கடையோ பலசரக்குக் கடையோ நடத்திக்கொண்டிருப்பார்கள். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் வெள்ளிக்கிழமை பிற்பகல் நின்று பார்த்தால், யார் யார் எந்த ஊருக்குப் பஸ் ஏறப்போகிறார்கள் என்று கையிலுள்ள பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கடையின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, ஒரு கேஸ் அடுப்பு, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட இரண்டு சாரம். பலருக்கு அதுதான் உண்மையான வீடு. ஊரில் உள்ள வீடு, விருந்தாளியாகப் போய்வரும் இடம்.

எங்கள் கிழக்குப் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத் திருமணம் முடித்து வைப்பது அங்கே நீண்ட கால வழக்கம். அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். அதன் நடைமுறை விளைவு என்னவென்றால், மூன்று பெண் பிள்ளைகள் பிறந்த ஒரு தகப்பன், தனது இருபத்தைந்து வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரை மூன்று வீடுகளுக்குச் சீமெந்தும் கம்பியும் சேர்த்துக்கொண்டிருப்பான். பிள்ளைகளுக்காக வீடு கட்டுவதற்கென்றே, பிள்ளைகள் இருக்கும் வீட்டை விட்டுப் போய்விடுகின்றோம். நானும் அப்படிப் போனவன்தான்.

கணக்குப் பார்த்த இரவு

எனது மூத்த மகள் பிறந்தது 1998 இல். அடுத்த வருடமே பதுளையில் ஒரு சிறிய பிடவைக் கடையைக் குத்தகைக்கு எடுத்தேன். மாதத்தில் இரண்டு தடவை காத்தான்குடிக்கு வருவேன். வியாழன் இரவு வந்து சேர்ந்து, சனிக்கிழமை சுபஹுடன் புறப்பட்டுவிடுவேன். இடையில் உள்ள ஒரு நாளில் ஜும்ஆ, கல்யாணம், மையித்து வீடு, ஊரில் இருந்து வரவேண்டிய கடன், காணிப் பிரச்சினை எல்லாம் முடிய வேண்டும்.

மகளுக்கு நான்கு ஐந்து வயதிருக்கும்போது, நான் வீட்டுப் படியேறினால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். பிறகு அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "வாப்பா, எப்ப போறீங்க?"

எப்போது வந்தீர்கள் என்றல்ல, என்ன கொண்டுவந்தீர்கள் என்றும் அல்ல. எப்போது போகிறீர்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எத்தனை மணித்தியாலம் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை எனக்கு முன்பே கணக்குப் பார்த்துவிட்டாள். அப்போது நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வந்திருந்த சொந்தக்காரர்களும் சிரித்தார்கள்.

2018 இல் அவளுக்குத் திருமணம் நடந்தது. வீடு கட்டி முடிய 11 வருடம் எடுத்தது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல வீடு. சம்பந்தம் பேச வந்தவர்கள், மகள் எப்படி, என்ன விருப்பம், மேற்கொண்டு படிக்க எண்ணமா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். பதில் சொன்னது முழுவதும் அவர்தான். கல்யாணம் முடிந்த இரவு, வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வியாபாரி அல்லவா, மனம் தானாகவே கணக்குப் போட்டது. மாதத்தில் இரண்டு பயணம், பயணத்துக்கு இரண்டு நாள் என்றே வைத்தாலும் மாதம் 4 நாள், வருடத்துக்கு 48 நாள். கடை போட்டு 19 வருடம். 912 நாட்கள். அதாவது இரண்டரை வருடம். அதிலும் தூக்கமும் வெளி அலுவல்களும் கழிய மிஞ்சுவது எவ்வளவு?

இருபது வருடம் எனது வீட்டில் வளர்ந்த பிள்ளையோடு நான் வாழ்ந்தது இரண்டரை வருடம். எந்தச் சரக்கையாவது இந்த விலைக்கு விற்றிருந்தால், அன்றே கடையை மூடியிருப்பேன்.

ஊரிலேயே கடை வைத்திருப்பவர்கள், "எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று நினைக்கக்கூடும். அவர்களும் ஒரு தரம் கணக்குப் பார்க்கட்டும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து, இரவு ஒன்பதரைக்கு வீடு வருகிறவருக்கு, விழித்திருக்கும் பிள்ளையைப் பார்க்கக் கிடைப்பது பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் உள்ள அரை மணித்தியாலம்தான். அதிலும் பாதி நேரம் கையில் தொலைபேசி. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே தூரத்து நகரத்தில் இருப்பவர்கள் எம்மில் பலர்.

ஒரு தரம் எச்சரிக்கை வந்தது

எனக்கு இது முன்பே விளங்கியிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் பதுளையில் கடையில் இருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கடல் எப்படி ஊருக்குள் வரும் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு தொலைபேசியைத் திருப்பித் திருப்பி அடித்தேன், இணைப்பே கிடைக்கவில்லை. கிடைத்த வாகனங்களில் மாறி மாறி ஏறி ஊருக்கு வந்து சேர்வதற்குள், அந்தப் பாதை முழுவதும் எனது மனதில் ஓடியது என்ன தெரியுமா? கடையோ கடனோ பாதியில் நின்ற வீட்டு வேலையோ அல்ல. இரண்டு நாளைக்கு முன்னர் புறப்படும்போது, தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த மகள் ஏதோ சொல்ல வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கேட்காமல் போய்விட்டேன். அவள் என்ன சொல்ல வந்தாள்?

எமது வீடு கடற்கரையில் இருந்து தள்ளி, வாவிப் பக்கமாக இருந்ததால் அல்லாஹ் காப்பாற்றினான். கடற்கரையோரத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. காத்தான்குடியிலும், அதற்குத் தெற்கே மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காலைச் சாப்பாட்டு நேரத்தில் இருந்த குடும்பங்கள் அப்படியே போயின. அவர்களுக்கு அது விசேடமான நாள் அல்ல. சாதாரணமான ஒரு விடுமுறைக் காலை.

இனி வாரா வாரம் ஊருக்கு வருவேன் என்று அன்று உறுதியெடுத்தேன். அந்த உறுதி மூன்று மாதம்தான் இருந்தது. அடுத்த சித்திரை சீசனுக்குச் சரக்கு வந்ததும் மறந்து போனது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் பெரிய அதிர்ச்சி எதுவும் எமது பழக்கத்தை மாற்றிவிடாது என்பது எனது அனுபவம்.

மூடிய கடை, திறந்த வீடு

பழக்கம் மாறியது 2020 இல். அதுவும் எனது விருப்பத்தால் அல்ல. மார்ச் 19, வியாழன் இரவு வழமை போல் ஊருக்கு வந்தேன். மறுநாள் மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம். சனிக்கிழமை போகலாம், திங்கட்கிழமை போகலாம் என்று இருந்தவன், பெருநாள் முடியும் வரை ஊரை விட்டு நகரவில்லை.

பிடவைக் கடைக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்ற இரண்டு சீசனும் கைவிட்டுப் போனது. புத்தாண்டுக்கென்று எடுத்த சரக்கு பதுளையில் பூட்டிய கடைக்குள். அதற்குக் கொடுத்த செக்குகள் கொழும்பில், ஏப்ரல் கடைசித் திகதியோடு. வங்கிக் கடனுக்குச் சலுகைக் காலம் அறிவித்தார்கள். முன்திகதியிட்ட செக்குக்கும் கைமாற்றுக்கும் யார் சலுகை தருவது? சில மொத்த வியாபாரிகள் பொறுத்தார்கள். சிலர் பொறுக்கவில்லை. ஆகவே அந்த நாட்களை நான் பொன்னான காலம் என்று சொல்லப்போவதில்லை. நித்திரை வராத இரவுகள் பல.

ஆனால் அதே நாட்களில்தான் எனது வீட்டில் என்ன நடக்கிறது என்பதை முதன்முதலாகக் கண்டேன். சுபஹுக்குப் பிறகு மனைவி இடியப்பம் பிழியும்போது, முழங்கால் நோவுக்காகச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எழும்புவார். எத்தனை வருடமாக அந்த நோவு இருக்கிறது என்று கேட்டேன். "அது இப்ப கொஞ்ச நாளாத்தான்" என்றார். மகன்தான் திருத்தினான்: "மூணு வருசம் வாப்பா." பதினைந்து வயதான அவன் சமையல் கட்டில் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வேலை தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் தராவீஹ் வீட்டிலேயே நடந்தது. நான் முன்னால் நிற்க, மகன் பக்கத்தில், மனைவியும் மூத்த மகளும் கடைக்குட்டியும் பின்னால். ஒன்பது வயதான கடைக்குட்டி நடுவில் சிரித்துவிடுவாள். தொழுகை முடிந்ததும் உம்மாவிடம் ஏச்சு. மறுநாளும் சிரிப்பாள்.

இவற்றில் எழுதிவைக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லைதான். புகைப்படம் எடுக்கும் அளவுக்குக்கூட எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் என்பது இவற்றால்தான் ஆனது. நான் இருபது வருடமாகக் காசு அனுப்பிக்கொண்டிருந்தது இந்தக் காலைகளுக்கும் இந்த இரவுகளுக்கும்தான். வாங்கிய சரக்கைப் பெட்டியைத் திறந்து பார்க்காமலே பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

எனது உம்மா இரண்டு தெரு தள்ளி, தங்கச்சியின் வீட்டில் இருந்தார். ஊரடங்கு தளர்ந்த நாட்களில் அஸருக்குப் பிறகு அங்கே போவேன். ஒரு பிளேன்டீ. முற்றத்துக் கதிரையில் இருந்து, எனக்கு நூறு தரம் தெரிந்த கதையை உம்மா நூற்றோராம் தரம் சொல்வார். நான் எழும்பினால், "இன்னும் கொஞ்சம் இரு மகன்" என்பார். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். போவதற்கு இடம் இல்லை, அதனால் உட்கார்ந்தேன்.

அடுத்த வருடம் உம்மா மௌத்தாகினார். செய்தி வந்தபோது பதுளையில் கடையில்தான் இருந்தேன். உம்மாவுக்கு என்று நான் செய்த செலவுகளெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பிளேன்டீகள் ஞாபகம் இருக்கின்றன.

மொத்தமாக வாங்க முடியாத சரக்கு

வியாபாரிகளாகிய எம்மிடம் ஒரு பலவீனம் இருக்கின்றது. எதையும் மொத்தமாகச் செய்து முடித்துவிடலாம் என்று நினைப்போம். பதினொரு மாதம் வீட்டைப் பார்க்காதவர், ஏப்ரலில் வான் பிடித்துக் குடும்பத்தோடு நுவரெலியா போய் மூன்று நாளில் கணக்கை முடிக்கப் பார்ப்பார். பிள்ளையின் ஒரு பாடசாலைக் கூட்டத்துக்கும் போகாதவர், அதே பிள்ளையின் கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுவார். குறைந்ததை விசேட தினத்தில் நிரப்பிவிடலாம் என்பது எமது எண்ணம்.

பாசம் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. அது சில்லறையாக மட்டுமே கிடைக்கும். மீன் மாதிரி அன்றன்றைக்கு எடுக்க வேண்டும். இன்றைக்கு எடுக்காததை ஐஸ் போட்டு வைத்து அடுத்த வருடம் எடுக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளை வாப்பாவின் மடியில் வந்து இருக்கும். அதே பிள்ளை பதினாறு வயதில் இருக்காது. நாம் கடனெல்லாம் கொடுத்து முடித்து, வசதியாகி, நேரத்தோடு வீட்டுக்கு வரும்போது மடி மட்டும் மிஞ்சியிருக்கும்.

வீட்டில் இருக்கும் நேரத்தை வீணான நேரம் என்று எமது மார்க்கமும் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் வியாபாரமும் செய்தவர்கள், பெரும் பொறுப்புகளைச் சுமந்தவர்கள். அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி நாம் அறிந்ததே. வீட்டு வேலைக்கு நேரமில்லாத அளவுக்கு எமக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு என்ன இருக்கின்றது?

கடன் கொப்பியும் சாப்பாட்டுச் சஹனும்

இதுவரை சொன்னது மனம் சம்பந்தப்பட்ட விடயம், வியாபாரப் பக்கத்துக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக ஒரு சம்பவம்.

எனது கடைக்கு மூன்றாவது கடைக்காரர், நல்ல மனிதர், கைராசிக்காரர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து, சாம்பிராணி போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு. ஜனாஸா முடிந்த நான்காம் நாள் தொடங்கிக் கடன்காரர்கள் வந்தார்கள். ஒருவர் எட்டு இலட்சம் என்றார். இன்னொருவர் பன்னிரண்டு என்றார். உண்மையாகவே கொடுக்க வேண்டியது எது, ஏற்கெனவே கொடுத்து முடித்தது எது என்று மனைவிக்குத் தெரியவில்லை. எந்தத் திகதிக்கு எந்த வங்கியில் செக் இருக்கிறது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அவருக்கு வரவேண்டிய பணம். கொப்பியில் "மில் மாமா", "சிவப்பு வீடு", "உயரமான பியசேன" என்று எழுதியிருந்தார். அவருக்கு மட்டுமே விளங்கும் எழுத்து. பதினெட்டு வயது மகன் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினான். ஒரு வருடத்துக்குள் கடை கைமாறியது.

அவர் எதையும் மறைத்தவர் அல்ல. சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கவில்லை, அவ்வளவுதான். மனைவியோடு ஒரு நாளைக்கு ஒரு வேளை ஒன்றாகச் சாப்பிட்டிருந்தால், "இன்றைக்கு அந்தச் செக் பாஸாகிவிட்டது", "அந்த ஆள் இன்னும் தரவில்லை" என்று பேச்சோடு பேச்சாக எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று மேடைகளில் கேட்டிருக்கின்றோம். எழுதினால் மட்டும் போதாது. எழுதியதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

எமது பிள்ளைகள் கடைக்கு வர விரும்புவதில்லை, வெளிநாடு போகத்தான் நினைக்கிறார்கள் என்று எம்மில் பலர் கவலைப்படுகின்றோம். அந்தப் பிள்ளை கடையைப் பற்றி அறிந்தது என்ன? வாப்பாவைக் கொண்டுபோன ஒரு இடம், வாப்பாவைக் களைப்போடும் கோபத்தோடும் திருப்பி அனுப்பிய ஒரு இடம். அப்படிப்பட்ட இடத்தை எந்தப் பிள்ளை விரும்பும்?

"எல்லாம் சரி, செக் பாஸாகணுமே?"

இந்த விடயத்தைப் பேசினால் சக வியாபாரிகள் சொல்லும் பதில் இது. அது வெறும் சாட்டு அல்ல. 2019 இல் வாடிக்கையாளர் பலர் எமது கடைகளுக்குள் வரத் தயங்கினார்கள். 2020 இல் கடையே மூடியது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனது. அதே வருடம் ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. இவ்வளவையும் தாண்டி இன்றும் கடையைத் திறந்து வைத்திருப்பவன், ஒரு மணித்தியாலம் முந்திப் பூட்டப் பயப்படுவதில் வியப்பில்லை. வாடகை நிற்காது. சம்பளம் நிற்காது. பிள்ளையின் டியூசன் காசும் நிற்காது.

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. வீட்டுக்கு வரவே முடியாத வாரங்கள் இருக்கும். சீசன் காலத்தில் நடு இரவு வரை நிற்கத்தான் வேண்டும். அதைக் குடும்பமும் விளங்கிக்கொள்ளும். ஆனால் வருடம் முழுவதும் சீசன் அல்லவே. எமது நேரத்தில் எவ்வளவு உண்மையாகவே வியாபாரத்துக்குப் போகிறது, எவ்வளவு பழக்கத்துக்குப் போகிறது என்பதை நாம் பிரித்துப் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். 2021 இல், நான் இல்லாத நாட்களில் கடையைப் பார்க்கும் பொறுப்பைப் பதினான்கு வருடமாக என்னோடு இருக்கும் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தேன். சம்பளத்தைக் கூட்டினேன். சாவியையும் கொடுத்தேன். வாரா வாரம் வியாழன் பகலே புறப்பட்டு, ஞாயிறு காலையில் திரும்பினேன். முதல் வருடம் வியாபாரம் குறைந்தது, அதை மறைக்கவில்லை. பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் இல்லாமல் சில வாரங்கள் வரவும் முடியவில்லை. ஆனால் நான் நினைத்தது போல் கடை கவிழவில்லை. நான் கல்லாவில் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். அது உண்மையல்ல என்று தெரிந்ததில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

எம்மிடம் வேலை செய்பவர்கள்

இன்னொரு பக்கமும் உண்டு. எமது கடைகளில் நிற்கும் பையன்களும் யாரோ ஒரு உம்மாவின் பிள்ளைகள்தான். 1954 ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் அவர்களுக்கு உரியது. எத்தனை கடைகளில் இது நடக்கிறது என்று நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். தூர இடத்தில் இருந்து வந்து கடையிலேயே படுக்கும் பையனுக்கு ஊர் போக மாதத்தில் ஒரு தரம் லீவு கொடுப்பதையே பெரிய உபகாரமாக நினைக்கின்றோம். எமக்கு வீட்டு நேரம் வேண்டும் என்று கேட்பவர்கள், அவர்களின் வீட்டு நேரத்தை எடுத்து அதை உண்டாக்கக் கூடாது. எனது ஊழியருக்குச் சாவியைக் கொடுத்த பிறகு, நான் திரும்பும் ஞாயிறு பகலில் அவர் புறப்பட்டுச் செவ்வாய்க்கிழமை காலைதான் வருவார். அவருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செய்யக்கூடிய சில

பெரிய மாற்றம் எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. அவரவர் கடைக்கும் நிலைமைக்கும் ஏற்பச் சிலவற்றைச் செய்து பார்க்கலாம்.

ஒரு மாதத்துக்கு, கடை பூட்டுவதற்கு முந்திய கடைசி ஒரு மணித்தியாலத்தில் நடக்கும் விற்பனையைத் தனியாக எழுதிப் பாருங்கள். அதிலிருந்து மின்சாரத்தையும் சம்பளத்தையும் கழியுங்கள். மிஞ்சுவது பெரிய தொகையானால் தொடருங்கள். இல்லையென்றால், அந்த மணித்தியாலத்தை நீங்கள் என்ன விலைக்கு விற்றுக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியவரும்.

ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு குடும்பத்தோடு. காலையாக இருந்தாலும் சரி, இரவாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் தொலைபேசி அலுமாரிக்குள் இருக்கட்டும். இருபது நிமிடத்தில் எந்த வாடிக்கையாளரும் ஓடிவிட மாட்டார்.

பாடசாலை விடுமுறையில் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். வேலை வாங்குவதற்கல்ல. பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்து, வாப்பா எப்படிப் பேசுகிறார், எப்படி அளக்கிறார், கோபப்படும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பதற்கு. மகளையும் கூட்டிப் போகலாம்.

மாதத்தில் ஓர் இரவு மனைவியோடு இருந்து கடன் கொப்பியைத் திறந்து, கொடுக்க வேண்டியது, வரவேண்டியது, செக் திகதி மூன்றையும் வாசித்துக் காட்டுங்கள். முதல் தடவை இருவருக்கும் கூச்சமாக இருக்கும். எனது மனைவி இரண்டாம் மாதமே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். ஒருவருக்கு இரண்டு தரம் பணம் கொடுத்திருந்தேன்.

உம்மா வாப்பா உயிரோடு இருந்தால், போய் இருங்கள். எதையும் கொண்டுபோகத் தேவையில்லை. எழும்பும்போது இன்னும் கொஞ்சம் இரு என்று சொன்னால், இருங்கள்.

சென்ற மாதம் வியாழக்கிழமை ஊருக்குப் போனேன். மூத்த மகளின் மகனுக்கு இப்போது நாலு வயது. படியேறும்போதே ஓடிவந்தான். அந்தப் பழைய கேள்வியை இவனும் கேட்பான் என்று கொஞ்சம் பயத்தோடுதான் நின்றேன். அவன் அப்படி எதையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முற்றத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய குழியில் தான் விட்ட கடதாசிக் கப்பலைக் காட்டினான். அது பாதி தாழ்ந்து போயிருந்தது. இன்னொன்று செய்து தரச் சொன்னான். சட்டைப் பையில் ஒரு பழைய பில்தான் இருந்தது, அதில் செய்து கொடுத்தேன்.

அன்று மகளிடம் கேட்டேன், 2004 இல் அந்த வெள்ளிக்கிழமை பின்னல் போட்டுக்கொண்டே என்ன சொல்ல வந்தாய் என்று. அவளுக்கு ஞாபகமே இல்லை. சிரித்தாள். ஏதாவது பென்சில் வாங்கச் சொல்லியிருப்பேன் வாப்பா என்றாள்.